ஜிபி-9ஐ அறுத்து ஜிபி-10 ஆக்குவது எப்படி

புதிதாக வாங்கிய டீசல் எஞ்சின் மாடல் மேல் ரம்பத்தை வைக்க யாருக்கும் கை தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு ஒரு நல்ல மருந்து உண்டு. நிஜத்திலேயே ஒரு பணிமனையில் அறுத்து ஒட்டப்பட்ட எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வெல்டர் எதை வெட்டினாரோ அதைத்தான் நாமும் வெட்டப்போகிறோம். அவர் புதுத் தகடு போட்ட இடத்தில்தான் நம் பிளாஸ்டிக் தகடும் உட்காரும். ஒரு மாடலை அறுத்து ஒட்டி வேறொன்றாக்கும் கிட்பேஷிங் பழக இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது, இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தன் ஜிபி-9 டீசல் எஞ்சினைப் புதுப்பித்து உருவாக்கிய ஜிபி-10.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்று ஓர் ஊர். நமக்குப் பொன்மலை எப்படியோ, இல்லினாய் சென்ட்ரலுக்குப் படூக்கா அப்படி. 1927இல் திறந்த பெரிய பணிமனை. நீராவிக் காலத்தில் எஞ்சின்களை அங்கேயே கட்டியிருக்கிறார்கள். 1967இல் அந்த ரயில்வே, 1950களில் வாங்கிய ஜிபி-7, ஜிபி-9 எஞ்சின்களைக் கழித்துவிட்டுப் புதிது வாங்குவதற்குப் பதில் படூக்காவிலேயே பிரித்துப் புதுப்பிக்கத் தொடங்கியது. ஜிபி-7 பெரும்பாலும் 1,600 குதிரைத்திறன் ஜிபி-8 ஆனது. ஜிபி-9 முன்பு 1,750; புதுப்பித்தபின் 1,850 குதிரைத்திறன் ஜிபி-10. சொந்த எஞ்சின்கள் போதாமல் மற்ற ரயில்வேக்களின் பழைய எஞ்சின்களையும் வாங்கிச் செய்தார்கள். 1972 ஆகஸ்டில் கல்ஃப் மொபைல் அண்டு ஒஹையோவுடன் இணைந்து இல்லினாய் சென்ட்ரல் கல்ஃப் ஆன பிறகும் இந்த வேலை தொடர்ந்தது.

வெளியே தெரியும் மாற்றங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஹூட் என்பது எஞ்சினை மூடும் பெட்டி; ஓட்டுநர் அறைக்கு முன்னால், மூக்குபோல், கூரை உயரத்துக்கு நின்ற குட்டை ஹூடை ஜன்னலின் அடிவரை தாழ்த்தினார்கள். ஓட்டுநருக்கு முன்பக்கம் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக. பழைய எண்ணெய்த் தொட்டி வகைக் காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, காகித வடிகட்டிகள் கொண்ட நான்கு அறைப் பெட்டியை ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கூரைமேல் வைத்தார்கள். எஞ்சினுக்குள் தூசு போவது குறைந்தது. இரண்டு புகைக்குழாய்களுக்குப் பதில் நான்கு வைத்தார்கள், புகை தடையின்றி வெளியேற. தூரத்திலிருந்து பார்த்தாலும் இது படூக்கா எஞ்சின் என்று காட்டிக்கொடுப்பது அந்தக் கூரைப் பெட்டிதான்.

வகை வேண்டாம், எண்ணைப் பிடியுங்கள்

'ஜிபி-10' என்று ஒரு பொதுவான எஞ்சின் கிடையாது. வேறு ரயில்வேயிலிருந்து வந்ததில், இழுவை மோட்டார்களையே பிரேக்காக்கும் டைனமிக் பிரேக்கின் மேடு கூரையில் அப்படியே இருக்கும், உள்ளே பிரேக் இருக்காது. மேலே மூடித் தகடு போட்டிருப்பார்கள். ரேடியேட்டர் விசிறி சிலவற்றில் 36 அங்குலத்தில் நான்கு, கடைசிக் காலத்து ஜிபி-9இலிருந்து வந்தவற்றில் 48 அங்குலத்தில் இரண்டு. தொடக்கத்தில் செய்ததும் பின்னால் செய்ததும் ஒரே அச்சு அல்ல. ஆகவே ஓர் எண், ஓர் ஆண்டு என்று முடிவு செய்துகொண்டு, அந்த எண்ணின் படங்களைச் சேர்க்க வேண்டும். இரண்டு பக்கவாட்டுப் படங்கள், இரண்டு முனைப் படங்கள், ஒரு கூரைப் படம். கூரைப் படம்தான் லேசில் கிடைக்காது. மேம்பாலத்திலிருந்து எடுத்த படங்களில் தேடுங்கள். அதே எண் கிடைக்காவிட்டால், அடுத்தடுத்த மாதங்களில் பணிமனையிலிருந்து வெளிவந்த எண்களைப் பார்க்கலாம். ஆனால் படம் எடுத்த ஆண்டைக் குறித்துவையுங்கள். ஆண்டு மாறினால் ஆன்டெனா, ஹாரன், சுழல்விளக்கு எல்லாம் மாறும்.

அளவுகள் சுலபம். நம் மாடலின் அளவுவிகிதமான எச்ஓ என்பது 1:87.1, அதாவது நிஜத்தின் 1 அடி இங்கே 3.5 மிமீ, 1 அங்குலம் 0.29 மிமீ. ஜிபி-9இன் நீளம் கப்ளர் முகத்துக்கு முகம் 56 அடி 2 அங்குலம். எச்ஓவில் 197 மிமீ. நம் ஊர் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின், பஃபருக்குப் பஃபர் 17,120 மிமீ. கணக்குப் போட்டால் இரண்டும் ஒரே நீளம். 40 அங்குலச் சக்கரம் 11.7 மிமீ. போகியில் அச்சுக்கு அச்சு 9 அடி, அதாவது 31.5 மிமீ.

இந்த 9 அடிதான் படத்திலிருந்து அளவெடுக்க நம்பகமான கோல். நேர் பக்கவாட்டுப் படத்தில் இரண்டு அச்சு மையங்களுக்கு இடையே 300 பிக்ஸல் இருக்கிறது, எஞ்சினின் பக்கவாட்டில் ஓடும் நடைமேடையிலிருந்து தாழ்த்திய மூக்கின் உச்சிவரை 150 பிக்ஸல் இருக்கிறது என்று வையுங்கள். 108 அங்குலத்தில் பாதி 54 அங்குலம், எச்ஓவில் 15.7 மிமீ. நடைமேடையின் விளிம்பையோ கைப்பிடிக் கம்பியையோ கோலாக வைக்காதீர்கள். அவை ஹூடைவிடக் கேமராவுக்குக் கிட்டே இருப்பதால் பெரிதாகத் தெரியும், கணக்கில் மூக்கு உயரம் குறைந்துவிடும். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கே வேண்டாம்.

ரம்பத்துக்கு முன்னால்

அடிப்படை மாடலாக எந்த நல்ல ஜிபி-9உம் ஆகும். கைப்பிடிகள் ஹூடோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்தால் செதுக்கி எடுக்கும் வேலை கூடும், அவ்வளவுதான். சில ஜிபி-9களில் காற்றுத்தொட்டிகள் கூரைமேல் படுத்திருக்கும். அந்த வகை மாடல் இதற்கு வேண்டாம்.

மேல்கூட்டைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது கூடு அல்ல, உள்ளே இருக்கும் எடைக்கட்டி. பல மாடல்களில் துத்தநாகக் கலவைக் கட்டி குட்டை ஹூடுக்குள்ளும் முழு உயரத்துக்கு ஏறியிருக்கும். மூக்கை அழகாகத் தாழ்த்தி முடித்துவிட்டுக் கூட்டைத் திரும்ப மாட்டினால் 6 மிமீ தூக்கிக்கொண்டு நிற்கும். மூக்கின் புதிய உயரத்திலிருந்து தகட்டின் கனத்தைக் கழித்து, மேலும் 1 மிமீ இடைவெளி விட்டு, கட்டியில் கோடு போட்டு ஹேக்ஸா பிளேடால் அறுங்கள். மோட்டார், பல்சக்கரங்கள், சர்க்யூட் போர்டு எல்லாவற்றையும் கழற்றி வேறு அறையில் வைத்துவிட்டு அறுக்க வேண்டும். உலோகத்தூள் மின்சாரம் கடத்தும். ஒரு துகள் போர்டில் ஒட்டினாலும், மாடலைக் கட்டுப்படுத்தும் டீகோடர் புகைந்துவிடலாம். அறுத்த கட்டியைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். குறைந்துபோன எடையை ஈடுகட்ட ஈயத் தகடு வெட்டி எரிபொருள் தொட்டிக்குள்ளும் காலியான மற்ற இடங்களிலும் ஒட்டலாம். எடை இரண்டு போகிகளுக்கும் சமமாக விழ வேண்டும். எஞ்சினை நடுவில் ஒரு பென்சில் மேல் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

கழற்றிய கையோடு அச்சுகளில் உள்ள பல்சக்கரங்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய மாடல்களில் பிளாஸ்டிக் பல்சக்கரம் அச்சுமேல் இறுக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து, பல் இடுக்கில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம் வருவது அதனால்தான். பசை போட்டு ஒட்டினால் நிற்காது. மாற்றுவதுதான் வழி.

பழைய பெயின்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கலாம். கூட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் வெளுக்கிறதா என்று பார்த்துவிட்டு முழுதாக முக்குங்கள். ஒரு மணிக்கு ஒருதரம் பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். இரவு முழுக்க மறந்துவிட்டால் சில பிளாஸ்டிக்குகள் நொறுங்கத் தொடங்கும்.

மூக்கு

குட்டை ஹூடின் தலையைச் சீவி எறிந்துவிட்டு மேலே தட்டையாக ஒரு தகடு ஒட்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைக்கு அது சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். ஹூடின் மேல்விளிம்பில் இருக்கும் உருண்டை வளைவை அரத்தால் உருவாக்குவது கஷ்டம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவே வராது. அந்த வளைவு மாடலிலேயே இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதுதான் சரியான வழி. மேலே 2.5 மிமீ மூடியாக அறுத்து எடுத்து, நடுவில் தேவையில்லாத பட்டையை அறுத்துத் தள்ளிவிட்டு, மூடியைத் திரும்பக் கீழ்ப்பகுதி மேல் உட்கார வைக்க வேண்டும். ஹூடின் பக்கங்கள் செங்குத்து என்பதால் மூடி அளவு பிசகாமல் உட்காரும்.

பழைய உயரத்திலிருந்து புதிய உயரத்தைக் கழித்தால் வருவது வெளியே எடுக்க வேண்டிய பட்டை. மேசைமேல் ஒரு கண்ணாடித் தகடு வையுங்கள். கூட்டை அதன்மேல் நேராக நிறுத்தி, தேவையான உயரத்துக்கு அட்டைகளை அடுக்கி அதன்மேல் ஸ்க்ரைபரைப் படுக்கவைத்து, கூட்டைச் சுற்றிக் கோடு இழுங்கள். கையால் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் கோடு போட்டால் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. கோட்டுக்கு மேல் தடித்த லேபிள் டேப்பை ஒட்டினால் ரம்பத்துக்கு நல்ல வழிகாட்டி. 0.25 மிமீ கனமுள்ள ரேஸர் ரம்பம் போதும். கோட்டின் மேல் அறுக்காதீர்கள். அரை மிமீ தள்ளி, வீணாகப் போகும் பக்கத்தில் அறுத்து, மிச்சத்தைத் தேய்த்துச் சமன்படுத்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே மூச்சில் அறுக்காமல், நான்கு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தால் ரம்பம் கோணாது.

பிறகு கண்ணாடிமேல் 320 எண் உப்புத்தாளை ஒட்டி, மூடியை அதன்மேல் எட்டு வடிவத்தில் தேயுங்கள். கீழ்ப்பகுதியைத் தேய்க்க, தட்டையான மரத்துண்டில் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளலாம். நான்கு தேய்ப்புக்கு ஒருதரம் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மூடியை வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் வரக் கூடாது. உள்பக்கம் நான்கு சுவரிலும் 1 மிமீ பட்டைகளைப் பாதி கீழ்ப்பகுதியிலும் பாதி மேலே நீட்டியும் ஒட்டினால் மூடி அதன்மேல் வழுக்கி இறங்கிச் சரியான இடத்தில் நிற்கும், மூட்டுக்கும் பலம். நீர்போன்ற கரைப்பான் பசையைப் பிரஷ் நுனியால் உள்ளிருந்து விடுங்கள். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய கோடாக வெளியே பிதுங்கும். அது நல்லதுதான், துடைக்காதீர்கள். 24 மணி நேரம் கழித்து அரத்தால் எடுத்தால் அதுவே பட்டியின் வேலையைச் செய்திருக்கும்.

அந்த 24 மணியைக் குறைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம். கரைப்பானில் ஊறிய பிளாஸ்டிக் உலர உலரச் சுருங்கும். ஈரமாக இருக்கும்போது சமன்படுத்திவிட்டால், பெயின்ட் அடித்து இரண்டு வாரம் கழித்து மூட்டு இருந்த இடத்தில் ஒரு பள்ளக்கோடு எட்டிப்பார்க்கும். குழாய்ப் பட்டியிலும் இதே தொல்லை. மிச்சப் பள்ளங்களுக்குச் சூப்பர் க்ளூ சிறந்தது, அது சுருங்காது. ஆனால் அதற்கு நேர்மாறான விதி: ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் பார்த்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும், க்ளூ மேடாக நிற்கும்.

மூடியின் முன்மூலைகளில் பழைய எண்பலகைக் கூடுகளும் நடுவில் தலைவிளக்கும் இருந்திருக்கும். அவை இப்போது ஓட்டுநர் அறையின் நெற்றிக்குப் போகின்றன. கூடுகளை உளியால் சீவி, விளக்கு ஓட்டையைப் பிளாஸ்டிக் கம்பி சொருகி அடைத்துவிடுங்கள். பக்கவாட்டில் பாதியாக அறுபட்ட கதவும் கீலும் மிஞ்சும். நிஜத்தில் என்ன மிஞ்சியது என்பதைப் படத்தில் பார்த்து, இல்லாததைத் தேய்த்து எடுங்கள். தேய்க்கும்போது பக்கத்து ரிவெட்டுகள் போய்விட்டால் கவலை வேண்டாம். தண்ணீரில் நனைத்து ஒட்டும் படலமான டெக்கலில் ரிவெட்டுகள் வந்திருக்கின்றன, வெட்டி ஒட்டலாம்.

ஓட்டுநர் அறை

பெரும்பாலான மாடல்களில் ஓட்டுநர் அறை தனித் துண்டு, ஹூடின் மேல் கவிழ்த்து மாட்டுவது. மூக்கைத் தாழ்த்தியதும் அறையின் முன்சுவரில் ஹூட் வடிவத்துக்கு ஒரு பெரிய வாசல் திறந்து நிற்கும். இதை எதிர்பார்க்காமல் இறங்குபவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

முன்சுவரைப் புதிதாகச் செய்வது நல்லது. 0.75 மிமீ பிளாஸ்டிக் தாளில், சுவரைவிடப் பெரிய துண்டாக எடுத்து, முதலில் ஜன்னல்களை வெட்டுங்கள். பிறகுதான் வெளிவடிவத்தை வெட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஜன்னல் ஓரத்தில் மிஞ்சும் 1 மிமீ சட்டம் பிளேடு பட்டதும் ஒடியும். ஜன்னலின் ஒவ்வொரு மூலையிலும் 0.8 மிமீ துளை போட்டு, துளைக்குத் துளை பிளேடால் நாலைந்து முறை லேசாகக் கீறி எடுங்கள். துளையின் வளைவே ஜன்னல் மூலையின் வளைவாகிவிடும். கண்ணாடிகள் எத்தனை, நடுச்சட்டம் எங்கே என்பதைப் படம் சொல்லும். கூரையின் வில் வளைவை எடுக்க, அறையின் பின்சுவரில் மறைப்பு டேப்பை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் அச்சு விழும். டேப்பை உரித்துப் புதிய சுவரில் ஒட்டி அதன்படி வெட்டலாம். ரப்பர் சட்டத்துக்கு 0.25 மிமீ பட்டையை ஜன்னலைச் சுற்றி ஒட்டினால் போதும்.

இன்னொன்றும் கூடவே வருகிறது. உயர்ந்த ஹூட் இருந்தவரை அறைக்குள் என்ன இருந்தாலும் வெளியே தெரியாது. இப்போது முன் ஜன்னல் வழியாக உள்ளே மோட்டாரும் சிவப்பு கறுப்பு ஒயரும் தெரியும். ஒயர்களைப் பின்பக்கம் தள்ளிக் கட்டி, அறைக்கு ஒரு தரை, இரண்டு இருக்கை, ஓட்டுநர் மேடை இவ்வளவாவது வைக்க வேண்டும். உள்சுவருக்கு வெளிர் பச்சையோ சாம்பலோ அடித்தால் உள்ளே வெளிச்சம் நன்றாகப் பரவும்.

கூரை

காற்று வடிகட்டிப் பெட்டியை ஆயத்தமாக வாங்கினாலும் படத்தோடு ஒப்பிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நீங்களே செய்வதானால் வெற்றுப் பெட்டியாகக் கட்டாதீர்கள், மெல்லிய தாள் உள்வாங்கிவிடும். 1 மிமீ தாள்களை அடுக்கி ஒட்டி ஒரு கட்டியாக்கி, வடிவத்துக்கு இழைத்து, அதன்மேல் 0.25 மிமீ தாளை மேல்தோலாகப் போர்த்துங்கள். அடுக்கும் ஒவ்வொரு தாளிலும் நடுவில் ஒரு துளை இருக்கட்டும். இல்லாவிட்டால் கரைப்பானின் ஆவி உள்ளே அடைபட்டு, வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து மேல்தோலை உப்பவைக்கும். நான்கு அறைகளையும் பிரிக்கும் கோடுகளுக்கு 0.25 மிமீ கனமுள்ள மெல்லிய பட்டை. தாழ்ப்பாளுக்குப் பட்டையின் சிறு துண்டு. பெட்டியின் அடி ஹூட் கூரையின் வளைவோடு ஒட்ட வேண்டும். கூரைமேல் உப்புத்தாளை முகம் மேலாக விரித்து, பெட்டியை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் அடி அதே வளைவைப் பிடித்துக்கொள்ளும்.

புகைக்குழாய்களுக்குப் பழைய இரண்டையும் சமமாகச் சீவிவிட்டு, எஞ்சினின் மையக்கோட்டைப் பென்சிலால் இழுத்து, நான்கின் இடத்தையும் அதன்மேல் குறியுங்கள். கூரை இணைப்புக் கோடுகள் எவற்றின் நடுவே அவை நிற்கின்றன என்று படத்தில் எண்ணிப் பார்ப்பது, மிமீ கணக்கைவிட நிச்சயமானது. குழாயின் வாய் உள்ளே குடைந்து இருட்டாகத் தெரிய வேண்டும். 0.4 மிமீ சுவர்தான் பார்வைக்குச் சரி.

விசிறிகள் 36 அங்குலமானால் 10.5 மிமீ, 48 அங்குலமானால் 14 மிமீ. கேனன் நிறுவனத்தின் விசிறிகள் கீழே இறக்கைகளும் தனியாகத் தெரியும்படி வரும். வார்த்த விசிறியை எடுத்துவிட்டு இதைப் போடுவது செலவுக்குத் தகுந்த மாற்றம்.

கம்பி வேலை

மாடலுக்கு உயிர் வருவது கைப்பிடிகளில்தான். 18 அங்குலக் கைப்பிடி எச்ஓவில் 5.25 மிமீ. கம்பி 0.3 மிமீ பாஸ்பர் பிரான்ஸ். பித்தளை வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், பாஸ்பர் பிரான்ஸ் கை பட்டாலும் நிமிர்ந்துகொள்ளும். துளைக்கு 80ஆம் எண் டிரில் பிட், 0.34 மிமீ. அது தலைமுடியைப்போல் சில மடங்குதான் தடிமன். ஒடியாமல் பார்ப்பதே பாதி வேலை. கையால் சுழற்றும் சிறு பிடியான பின்வைஸில், பிட்டை 5 மிமீ மட்டும் வெளியே நீட்டி இறுக்குங்கள். துளை வேண்டிய இடத்தில் முதலில் ஊசியால் ஒரு குழி வையுங்கள். பிட்டின் நுனியை மெழுகில் தொட்டுக்கொண்டு, மூன்று சுற்றுக்கு ஒருதரம் வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள். பிட் ஒடிவது பெரும்பாலும் அழுத்தத்தால் அல்ல, கை பக்கவாட்டில் ஆடுவதால். ஆறு பிட்டாவது வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

துளைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் விழ வேண்டும். ஒரு சிறு பித்தளைத் தகட்டில் 5.25 மிமீ தள்ளி இரண்டு துளை போட்டு அதையே வார்ப்பாக வைத்துக்கொண்டால், எல்லாக் கைப்பிடிக்கும் ஒரே அகலம் வரும். கைப்பிடியைச் சொருகியதும் 0.75 மிமீ பிளாஸ்டிக் பட்டை ஒன்றை இடையில் கொடுத்து அழுத்தி, கூட்டின் உள்பக்கத்திலிருந்து ஊசி நுனியால் ஒரு பொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள். பட்டையை உருவிவிட்டால் எல்லாம் ஒரே தூரத்தில் நிற்கும். வெளியிலிருந்து க்ளூ விட்டால் கம்பியின் அடியில் ஒரு குமிழ் உட்கார்ந்துகொள்ளும், பெயின்டுக்கு அடியிலும் அது தெரியும்.

தூக்குவளையங்களுக்கு 0.2 மிமீ கம்பியை 0.5 மிமீ பிட்டைச் சுற்றி முறுக்கினால் போதும். நடைமேடைக் கைப்பிடிகள் வழுக்கும் வகைப் பிளாஸ்டிக்கில் வந்திருந்தால் பெயின்ட் ஒட்டாமல் வளைந்த இடத்தில் உரியும். அதற்கான பிரைமரை முதலில் அடியுங்கள், அல்லது 0.38 மிமீ கம்பியில் புதிதாகச் செய்யுங்கள். ஹாரன், ஆன்டெனா, மணி, முனைகளில் குழாய்க் கொத்து இவையெல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்து ஒட்டுவதுதான் வேலை. கப்ளருக்குக் கேடீ நிறுவனத்தின் 58ஆம் எண் வாங்குங்கள், தலை நிஜ அளவில் இருக்கும். பழைய 5ஆம் எண்ணோடும் கோத்துக்கொள்ளும். உயரத்தைக் கேடீயின் 205ஆம் எண் அளவியால் சரிபாருங்கள்.

விளக்கை இப்போதே முடித்துவிடுங்கள். நெற்றியில் 0603 என்ற மிகச் சிறு அளவு எல்இடி இரண்டு. டீகோடரின் 12 வோல்ட்டுக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும், கண்ணைக் கூசும். 4.7 கிலோஓம் போட்டால் 2 மில்லிஆம்பியர். பழைய பல்பின் வெளிச்சத்துக்கு அதுவே நெருக்கம். அறையின் உள்கூரைக்குக் கறுப்பு அடிக்காவிட்டால் நெற்றி முழுக்கச் சிவந்து ஒளிரும்.

நிறம்

1970களின் எஞ்சினானால் ஆரஞ்சும் வெள்ளையும். முதலில் ஒரே சாம்பல் பிரைமர், முழு உடலுக்கும். வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்காக இருந்த துண்டுகள் ஒன்றானதும் மூட்டின் குறைகள் எல்லாம் தெரியும். இங்கே திருத்தாவிட்டால் பிறகு திருத்த முடியாது. அடுத்து வெள்ளை, கடைசியில் ஆரஞ்சு. ஆரஞ்சு மூடும் திறன் குறைந்த நிறம், சாம்பல்மேல் நேராக அடித்தால் செங்கல் நிறமாக மங்கும். வெள்ளைமேல் அடித்தால்தான் சுடர்விடும். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டியதும் உடனே ஆரஞ்சுக்குப் போகாதீர்கள். டேப்பின் விளிம்பில் மறுபடி வெள்ளையையே ஒரு மெல்லிய பூச்சு விடுங்கள். டேப்புக்கு அடியில் கசிவதானால் வெள்ளைதான் கசியும், கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும். மழைக்காலச் சாயங்காலத்தில் லாக்கர் பெயின்ட் அடித்தால் காற்றின் ஈரம் பட்டு வெண்புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

டெக்கலுக்கு முன் பளபளப்புப் பூச்சு கட்டாயம். மங்கல் பரப்பின் சொரசொரப்பில் காற்று சிக்கி, டெக்கலின் படலம் வெள்ளியாய் மின்னும். கதவுக் கீல்கள்மேல் போகும் எழுத்துகளுக்கு மென்மையாக்கும் திரவத்தை இரண்டு மூன்று தடவை கொடுத்தால்தான் கீலின்மேல் படிந்து உட்காரும். சுருங்கி மடிந்ததுபோல் தெரியும். தொடாதீர்கள், தானே இறுகிவிடும். முன்முனையின் அடிச்சட்டத்தில் ஒரு சிறு 'எஃப்' எழுத்து வேண்டும். அமெரிக்க எஞ்சின்களில் எந்த முனை முன்பக்கம் என்பதற்கு அதுதான் அடையாளம். மூக்கைத் தாழ்த்திய எஞ்சினில் அது குட்டை ஹூட் பக்கம்.

பழமை காட்டுவதில் கை அடக்கம் தேவை. புகைக்கரி நான்கு குழாய்களைச் சுற்றிக் கூரையில் படரட்டும். போகிகளில் பிரேக்கட்டைத் தூசியின் செம்பழுப்பு. எரிபொருள் ஊற்றும் வாயின் கீழே ஒரே ஒரு எண்ணெய் வழிசல். வெயிலில் வெளுத்த ஆரஞ்சுக்கு, மங்கல் பூச்சில் சில சொட்டு வெள்ளை கலந்து கூரையிலும் ஹூடின் மேல்பாதியிலும் தூவினால் போதும்.

ஜன்னல் கண்ணாடி கடைசி வேலை, மங்கல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு. சூப்பர் க்ளூ கிட்டேகூட வரக் கூடாது. அதன் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் பனி மூடியதுபோல் வெளுத்துவிடும், துடைத்தாலும் போகாது. பால்போல் இருந்து காயும்போது தெளியும் வெள்ளைப் பசையை ஓரத்தில் தொட்டு ஒட்டி, அறையை மாட்டாமல் ஓர் இரவு திறந்தபடி வையுங்கள். அறைக்குள் கூட்டை ஒட்ட எங்கேயாவது சூப்பர் க்ளூ விட்டிருந்தால், அதன் ஆவி முழுக்க வெளியேறவும் அந்த ஓர் இரவு வேண்டும்.